அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு 18 நாள் ஐரோப்பா: எங்கே ரயில், எங்கே பிளேன்?

கல்லடியான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். வருகிற ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில், மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு, குடும்பமாக ஐரோப்பா போக யோசித்திருக்கிறோம். நான், மனைவி (ஆசிரியை), 10 வயது மகள், 67 வயது அம்மா. என் தம்பி பாரிஸில் லா கூர்னெவ் பக்கம் இருக்கிறான், மனைவியின் அக்கா சுவிஸில் பேர்ண் நகரத்தில். தம்பியின் மகனுக்கு நான்கு வயதாகிறது, அம்மா அவனை இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறா. ஆகவே இந்தப் பயணத்தை இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

போக விரும்பும் இடங்களைச் சொன்னால் பட்டியல் நீளம். மனைவிக்கு லண்டன் (கூடப்படித்த தோழி அங்கே), பிறகு பாரிஸ், அம்ஸ்டர்டாம், அம்மாவுக்கு ஜெர்மனி ஹம் காமாட்சி அம்பாள் கோயில், பேர்ண், மகளுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் ஊர் என்று வெனிஸ், எனக்கு ரோம், முடிந்தால் பார்சிலோனா. கையில் இருப்பது எல்லாமாக முப்பது இலட்சம் ரூபா. கொழும்பில் ஒரு பயண முகவரிடம் கேட்டேன், 12 நாளில் 9 நாடு என்று பஸ் சுற்றுலா ஒன்றைக் காட்டினார். அதில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நேரம் சாப்பிடக்கூட நேரமில்லை.

எனவே நாங்களே திட்டமிடலாம் என்று இரவிரவாக இணையத்தில் தேடினேன், தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. பிளேன் டிக்கெட் 20 யூரோ என்று காட்டுகிறது, அதே தூரத்துக்கு ரயில் 100 யூரோவுக்கு மேல். அப்படியென்றால் எல்லா இடத்துக்கும் பிளேனிலேயே போகலாமா? பல நாட்டு ரயில்களிலும் ஏறக்கூடிய யூரெயில் பாஸ் எடுத்தால் இலாபம் என்று ஒருவர் சொல்கிறார், வீண் காசு என்று இன்னொருவர் சொல்கிறார். அதோடு மலிவான டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே எடுக்க வேண்டுமாம், விசா கிடைப்பதற்கு முன் எப்படி எடுப்பது? போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வாழைச்சேனை ஆறு:

தம்பி, நான் சுவிஸுக்கு வந்து 20 வருடத்துக்கு மேலாகிறது, ஊரிலிருந்து வருகிற சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் ஊர்களின் பட்டியலை மூடி வையுங்கள், வரைபடத்தை எடுங்கள். உங்களுக்கு உறவு இருக்கிற இடம் இரண்டு, பாரிஸும் பேர்ணும். அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு ஒரே திசையில் கீழே இறங்குகிற கோடுதான் உங்கள் பாதை. கோட்டுக்கு வெளியே இருப்பது எதுவானாலும் காசையும் நாளையும் தின்னும்.

லண்டனை விட்டுவிடுங்கள். பிரிட்டன், ஒரே விசாவில் சுற்றக்கூடிய செங்கன் நாடுகளில் இல்லை, அதற்குத் தனி விசா, நான்கு பேருக்கும் தனிக் கட்டணம். அதோடு பாரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்ப வந்தால் செங்கனுக்குள் இரண்டாம் தடவை நுழைகிற கணக்கு, ஒரு தடவை நுழைய மட்டும் விசா தந்திருந்தால் திரும்ப விடமாட்டார்கள். தோழியை பாரிஸுக்கு வரச் சொல்லுங்கள், யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தான். பார்சிலோனாவும் வேண்டாம். பாரிஸிலிருந்து வேக ரயிலிலேயே ஆறரை மணித்தியாலத்துக்கு மேல், பிறகு அங்கிருந்து சுவிஸுக்குத் திரும்ப ஏறி வர வேண்டும்.

அடுத்தது பெரிய டிக்கெட். கொழும்பு–பாரிஸ், பாரிஸ்–கொழும்பு என்று எடுக்காதீர்கள். போவது பாரிஸுக்கு, திரும்புவது ரோமிலிருந்து என்று ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள், தேடும் இடத்தில் பல நகரம் என்ற தெரிவு இருக்கும். டோஹா, டுபாய், அபுதாபி வழியாகப் போகிற கம்பனிகள் பாரிஸுக்கும் போகின்றன, ரோமுக்கும் போகின்றன, ஆகவே விலை சாதாரணப் போய்வரும் டிக்கெட்டைவிடப் பெரிதாக வித்தியாசப்படாது. ரோமிலிருந்து பாரிஸுக்குத் திரும்பி ஏறும் செலவும் ஒரு நாளும் அப்படியே மிச்சம். பயணத்திலேயே அதிகம் மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

நான் போட்டால் இப்படிப் போடுவேன்: பாரிஸ் 6 இரவு, கேர்ள்ன் (ஜெர்மனியின் கொலோன் நகரம்) 2, பேர்ண் 4, வெனிஸ் 2, ரோம் 3. பாரிஸிலிருந்து கேர்ள்ன் ரயிலில் மூன்றரை மணித்தியாலத்துக்குள். கேர்ள்னிலிருந்து ஹம் கோயிலுக்கு ஆர்ஈ 1 என்ற உள்ளூர் ரயில் நேரே போகிறது, காலையில் போய்ப் பூசை பார்த்து, இருந்து சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். கேர்ள்ன்–பாசெல் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம், அங்கிருந்து பேர்ண் ஒரு மணித்தியாலம். பேர்ணிலிருந்து மிலான் மூன்று மணித்தியாலம், அல்ப்ஸ் மலைக்குக் கீழே குடைந்த 34 கிலோமீட்டர் லோட்ஷ்பெர்க் சுரங்கத்துக்குள்ளால் போகும், மகளுக்கு முதலே சொல்லி வையுங்கள். மிலான்–வெனிஸ் இரண்டரை, வெனிஸ்–ரோம் நான்கு. ஒரு நாளில் கூட ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அம்மா ரயிலில் இருக்க வேண்டியதில்லை.

சுவிஸ் செலவுதான் எல்லோரையும் பயமுறுத்தும். மச்சாள் வீட்டில் சாப்பாடும் படுக்கையும் இருப்பதால் உங்களுக்கு மிஞ்சுவது ரயில் மட்டும். எஸ்பிபி என்ற சுவிஸ் ரயில் கம்பனி விற்கிற சேவர் டே பாஸை முன்கூட்டி எடுத்தால் 52 பிராங்கிலிருந்து கிடைக்கிறது, அன்றைக்கு முழுதும் ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒரே ஒரு நாளுக்கு அதை எடுத்து லூசேர்ண், இன்டர்லாக்கன் எல்லாம் சுற்றி வாருங்கள். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிற யுங்ஃப்ராவ்யோக் மலை நிலையத்துக்குப் போவதற்குத் தனிக் காசு, அது சரியான கூடின விலை, நான்கு பேருக்கு நான் சொல்லமாட்டேன். துன் ஏரிக் கரையில் நின்றே பனிமலையைப் பார்க்கலாம்.

காரைதீவுக் கரை:

நாங்கள் இங்கே காரைதீவிலிருந்து விசா எடுத்துப் போய் வந்தவர்கள், ஆகவே நான் விசாப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மேலே அண்ணா சொன்ன கணக்குப்படி அதிக இரவு தங்குவது பிரான்ஸில், எனவே விண்ணப்பம் பிரான்ஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். எந்த நாட்டு விசா இலகுவாகக் கிடைக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டு வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டு பாரிஸில் கூட நாள் நின்றால் சிக்கல் வரும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி 15 நாள். வழமையாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் 45 நாள் வரைக்கும் இழுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஓகஸ்ட் பயணத்துக்கு எல்லோரும் மே, ஜூனில்தான் ஓடுவார்கள், அந்த நேரம் நாள் குறிக்கவே இடம் கிடைக்காது. நீங்கள் மார்ச்சிலேயே கொடுங்கள்.

தம்பி வீட்டில் தங்குவதென்றால் அவர் அங்கே மேரியில், அதாவது நகரசபையில், விருந்தினரை ஏற்கிறேன் என்ற கடிதம் எடுத்து அனுப்ப வேண்டும். 30 யூரோ முத்திரை, வீட்டின் அளவு, சம்பளப் பத்திரம் எல்லாம் பார்ப்பார்கள். நீங்களும் மனைவியும் மகளும் ஒரு கடிதம், அம்மாவுக்குத் தனி. இது அங்கே சில கிழமை எடுக்கலாம், ஆகவே முதலாவதாகத் தொடங்க வேண்டிய வேலை இதுதான். காப்புறுதி ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு, செங்கன் முழுவதற்கும். மனைவி அரசாங்க ஆசிரியை என்றால் வெளிநாட்டு விடுமுறை அனுமதிக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள், நான் அந்தக் கடிதத்துக்காகத்தான் கடைசிவரை தவித்தேன். விரலடையாளம் வைக்க எல்லோரும் நேரே கொழும்பு போக வேண்டும், 12 வயதுக்குக் கீழே என்பதால் மகளுக்கு விரலடையாளம் இல்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, விசாவுக்கு முன் டிக்கெட் எடுப்பதா? காசு திரும்பாத எதையும் எடுக்காதீர்கள். பிளேனுக்கு ஆசனப் பதிவு மட்டும், ஹோட்டலுக்கு இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய பதிவு, ரயிலுக்குப் பாதையை எழுதிக் கொடுத்தால் போதும். நாங்கள் மலிவு என்று விசாவுக்கு முன்பே நான்கு ரயில் டிக்கெட் வாங்கினோம், விசா இரண்டு கிழமை பிந்தியது, அந்த நான்கும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நான் கவலையோடு சொல்கிறேன். நாங்கள் மிலானில் இறங்கி அன்றைக்கே வேறொரு மலிவு விமானத்தில் வியன்னா போகத் தனி டிக்கெட் எடுத்திருந்தோம், இடையில் மூன்று மணித்தியாலம் இருந்தது. முதல் பிளேன் ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது, குடிவரவு வரிசை நீளம், பெட்டி வரத் தாமதம், வாசல் மூடிவிட்டார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் எந்தக் கம்பனியும் பொறுப்பெடுக்கவில்லை, நின்ற நிலையில் புது டிக்கெட் வாங்கினோம். இப்போது 2025 ஒக்டோபரிலிருந்து எல்லையில் படமும் விரலடையாளமும் எடுத்துப் பதிகிற முறை வந்துவிட்டது, வரிசை இன்னும் நீளலாம். இறங்குகிற நாளில் வேறு எதற்கும் டிக்கெட் எடுக்காதீர்கள், தம்பி வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

திரும்புகிற வழியில் வியன்னாவிலிருந்து ரோமுக்கு நைட்ஜெட் இரவு ரயிலில் படுக்கை எடுத்தோம். மட்டக்களப்பில் பாடுமீன் ரயிலில் இரவு ஏறி விடியக் கொழும்பு கோட்டையில் இறங்குகிற மாதிரித்தான், ஒரு இரவு ஹோட்டல் காசும் மிச்சம். ஆனால் மேல் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், உங்கள் பாதையில் அது தேவையுமில்லை.

லா சப்பல் பக்கம்:

அண்ணா, நான் பாரிஸில் இருக்கிறேன், ஊர் களுவாஞ்சிகுடி. அந்த 20 யூரோ பிளேன் டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் கனபேர் அதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த விலையில் அடங்குவது ஆளும் ஒரு சின்னப் பையும் மட்டும். ரயன்எயாரில் அந்தப் பை 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர், ஈசிஜெட்டில் 45க்கு 36க்கு 20. அம்மாவின் சேலை, மருந்து, ஊரிலிருந்து கொண்டுவருகிற மிளகாய்த்தூள், கருவாடு எதுவும் அதற்குள் அடங்காது, ஆகவே பெட்டிக்குக் காசு, நான்கு பேருக்கு அது டிக்கெட்டையே தாண்டும். வாசலில் வைத்துப் பை பெரிது என்று பிடித்தால் இன்னும் கூட. பாரிஸ் என்று போட்டிருக்கிற போவே எயார்போட் நகரத்திலிருந்து 85 கிலோமீட்டர், மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குப் போகிற அளவு தூரம். பறப்பது ஒன்றரை மணித்தியாலமானாலும் வீட்டு வாசலிலிருந்து கணக்கெடுத்தால் ஆறு, ஏழு மணித்தியாலம் போய்விடும். ரயில் நகரத்தின் நடுவில் ஏற்றி நடுவில் இறக்கும், பெட்டிக்கு நிறை பார்ப்பதுமில்லை. என் கணக்கு இதுதான்: ரயிலில் ஆறு மணித்தியாலத்துக்குள் என்றால் ரயில், அதைத் தாண்டினால்தான் பிளேனைப் பார்ப்பது. உங்கள் பாதையில் அப்படி ஒரு துண்டும் இல்லை.

பிரெஞ்சு மலிவு ரயில் உய்கோவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள், நல்ல ரயில்தான், ஆனால் பெரிய பெட்டிக்கு அதிலும் தனிக் காசு கட்ட வேண்டும்.

பாரிஸில் இறங்குகிற நாளை முடிந்தால் திங்கட்கிழமையாக வையுங்கள். நவிகோ என்ற கிழமை அட்டை எந்த நாள் வாங்கினாலும் திங்களிலிருந்து ஞாயிறு வரைக்கும்தான் செல்லும், எயார்போட் ரயிலும் அதற்குள் அடக்கம். 2025 ஜனவரியில் மெட்ரோ டிக்கெட்டை 2.50 யூரோ என்றும் எயார்போட் டிக்கெட்டை 13 யூரோ என்றும் ஆக்கினார்கள், ஆகவே எயார்போட்டும் நான்கு நாள் சுற்றலும் சேர்ந்தால் கிழமை அட்டைதான் இலாபம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் இருந்தால் மெட்ரோவைக் குறையுங்கள், கனக்கப் படி, கன நிலையத்தில் லிப்ட் இல்லை. பஸ்ஸுக்கும் அதே அட்டை, வெளியே பார்த்துக்கொண்டும் போகலாம். லா சப்பலில் மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்கும் கூட்டிப்போங்கள், கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தெரு முழுக்கத் தமிழ்க் கடை, தம்பி இல்லாத நேரமும் அம்மா தனியே கதைத்துச் சாமான் வாங்கலாம்.

அக்கரைப்பற்று மாணவன்:

நான் டோர்ட்முண்டில் படிக்கிறேன் அண்ணா, ஹம் எனக்குப் பக்கம். ஜெர்மன் ரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஷ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் எவ்வளவு முந்தி எடுக்கிறீர்களோ அவ்வளவு குறைவு, ஆனால் அதே ரயிலில்தான் போக வேண்டும். 14 வயது வரை பிள்ளைகள் பெரியவர்களோடு இலவசம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே மகளையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஏறின பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள். ஆசனப் பதிவு வேறு, கட்டாயமில்லை, ஆனால் ஓகஸ்டில் கேர்ள்ன்–பாசெல் நிரம்பி வழியும், அம்மாவுக்காகவாவது எடுங்கள். இங்கே ரயில் பிந்துவது சாதாரணம். பிந்தி நீங்கள் போய்ச்சேரும் நேரம் 20 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் அந்த மலிவு டிக்கெட்டோடேயே வேறு ரயிலில் ஏறலாம், ஒரு மணித்தியாலம் பிந்தினால் டிக்கெட் காசில் 25 வீதம் திரும்பக் கேட்கலாம், இரண்டு மணித்தியாலம் என்றால் பாதி. பாசெலில் மாறுவதற்கு ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

டொய்ச்லாண்ட் டிக்கெட் என்று எல்லோரும் சொல்வார்கள், 2023இல் 49 யூரோவில் தொடங்கியது, 2026இலிருந்து 63. அது ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாதச் சந்தா, நிறுத்த மறந்தால் அடுத்த மாதமும் காசு போகும், வேக ரயிலில் செல்லாது. இரண்டு நாளுக்கு உங்களுக்கு வேண்டாம்.

யூரெயில் பாஸை அப்படியே ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 4 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு இலவசம், 60க்கு மேல் அம்மாவுக்கு 10 வீதம் குறைவு. ஆனால் பாரிஸ்–கேர்ள்ன், இத்தாலி வேக ரயில் இரண்டுக்கும் பாஸ் இருந்தாலும் ஆசனத்துக்குத் தனிக் காசு, உங்களுக்கு நீளப் பயணம் நான்கே நாள். முந்தி எடுக்க முடிந்தால் தனி டிக்கெட்தான் மலிவாக வரும். விசா ஜூலைவரை இழுத்தால் நிலைமை மாறும், அப்போது தனி டிக்கெட் எல்லாம் விலை ஏறியிருக்கும், பாஸ் விலை அப்படியே இருக்கும். தொடங்காத பாஸைக் கழிவோடு திருப்பிக் கொடுக்கவும் முடியும், சலுகையில் வாங்கியது என்றால் முடியாது. அந்த நேரம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நான் உதவி செய்கிறேன். ஹம் நிலையத்திலிருந்து கோயில் தூரம், ஊன்ட்ரொப் பக்கம் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது, வருகிற நாளைச் சொன்னால் நான் நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவேன்.

கல்லடியான்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு எல்லாவற்றையும் மனைவிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். லண்டன் இல்லை என்றதும் மனைவிக்குக் கொஞ்சம் கவலைதான், ஆனால் தோழியோடு கதைத்து அவர் இரண்டு நாள் பாரிஸுக்கு வருவதாக முடிவாகிவிட்டது. அம்ஸ்டர்டாம், பார்சிலோனா இரண்டையும் நானே வெட்டிவிட்டேன். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து ஏறுகிற டிக்கெட்டைத் தேடிப் பார்த்தேன், பாரிஸ் போய்வருவதைவிட ஆளுக்குப் பதினோராயிரம் ரூபாதான் கூட, அதுவே ஒரு பெரிய ஆறுதல். இத்தாலியில் மட்டும் ஒரு சந்தேகம், வெனிஸில் ஹோட்டல் விலை பார்த்தால் தலை சுற்றுகிறது, என்ன செய்யலாம்?

வாழைச்சேனை ஆறு:

தீவுக்குள் எடுக்காதீர்கள் தம்பி. மெஸ்த்ரே நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள், அங்கிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ், இரவில் திரும்பலாம். அந்த உள்ளூர் ரயிலுக்குக் கடதாசி டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கிற சின்ன மெசினில் குத்த வேண்டும், குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தாலும் தண்டம். வெனிஸ்–ரோம் ஓடுவது இரண்டு கம்பனி, திரெனித்தாலியா, இத்தாலோ, போட்டி இருப்பதால் முந்தி எடுத்தால் நல்ல விலை, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி, அம்மாவை நடக்க வைக்காமல் வப்பரெத்தோ படகில் ஏற்றுங்கள், மகள் கேட்ட தண்ணீர் ஊரை இருவரும் இருந்தே பார்ப்பார்கள்.

காரைதீவுக் கரை:

விசாவுக்குக் கொழும்பு போகிற நாளையும் யோசியுங்கள். பகல் 10 மணிக்குப் பிறகு நேரம் கிடைத்தால் முதல்நாள் பாடுமீனில் ஏறி விடியப் போய் இறங்கலாம், தங்கும் செலவில்லை. அம்மாவுக்கு மட்டும் படுக்கை இடம் முன்பே பதியுங்கள். எல்லாப் பத்திரத்திலும் இரண்டு பிரதி, பாஸ்போட்டில் திரும்பும் நாளிலிருந்து 3 மாதமாவது செல்லுபடியாகும் காலம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கல்லடியான்:

பார்த்தேன். அம்மாவின் பாஸ்போட் செப்டெம்பரில் முடிகிறது. நாளைக்குக் காலையிலேயே புதியதற்குப் படம் எடுக்கக் கூட்டிப்போகிறேன், தம்பியும் திங்கட்கிழமை மேரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டான், அம்மாவின் புது இலக்கம் வரும்வரை எங்கள் மூன்று பேரின் கடிதத்தை முதலில் எடுக்கட்டும்.